வேலைக்கு நடுவே தோட்டம்: இங்கிலாந்தில் அலாட்மென்ட் எடுக்க நினைப்பவர்களுக்கு

மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியதும் லண்டனில் சாயங்காலம் ஏழரை வரைக்கும் வெளிச்சம் நிற்கும். வெயில் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். உடனே எனக்கு வாட்ஸ்அப்பில் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். "உங்களுக்கு மட்டும் எப்படிங்க அலாட்மென்ட் கிடைச்சது? மத்தியானம் லேப்டாப்பை மூடி வச்சிட்டு மண்ணைக் கிளறப் போறீங்களாமே?" அலாட்மென்ட் என்பது கவுன்சிலோ (உள்ளூர் நிர்வாகம்) சங்கமோ காய்கறி போட வருஷ வாடகைக்கு விடும் நிலம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் நோட் அனுப்பி அலுத்துப்போய்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் மாதம் அரை நாள் லீவு போட்டு, காலில் பூட்ஸோடு உருளைக்கிழங்கு நடும் அந்தச் சுகம் ஏப்ரலில் தொடங்கும் காரியம் இல்லை. பல நேரம் அது ஒன்றிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு நவம்பரில் நிரப்பி அனுப்பிய படிவத்தில் தொடங்கியிருக்கும். அதனால் தோட்டக்கலையைவிடக் காகித வேலையைப் பற்றித்தான் இதில் அதிகம் இருக்கும். நான் சொல்லும் சட்டங்கள் இங்கிலாந்து, வேல்ஸுக்கானவை. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனிச் சட்டங்கள் உண்டு, அங்கே இருப்பவர்கள் அவரவர் கவுன்சிலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. எவ்வளவு நிலம் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

அலாட்மென்ட்டின் அளவை இன்னும் பழைய கணக்கில் 'ராடு' என்றுதான் சொல்வார்கள். முழுத் துண்டு 10 ராடு, சுமார் 250 சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் ஒரு கிரவுண்டுக்கும் மேல். "அடேயப்பா, ஒரு கிரவுண்டா!" என்று ஆசைப்பட்டு முழுசாகக் கேட்காதீர்கள். முழுநேர வேலையும் சின்னக் குழந்தைகளும் இருக்கும் வீட்டுக்கு 5 ராடு, அதாவது பாதித் துண்டு, தாராளம். கால் துண்டு கொடுக்கும் இடங்களும் இப்போது நிறைய இருக்கின்றன. முதன்முதலாக மண்ணைத் தொடுபவர் என்றால் அதுவே நல்லது.

காரணம் எளிது. இங்கே மே, ஜூனில் களை வளரும் வேகம் பயமுறுத்தும். வாரத்துக்கு நாலைந்து மணி நேரம் ஒதுக்க முடியாதவர் முழுத் துண்டை எடுத்தால் ஜூலையில் அவருக்குக் கவுன்சிலிலிருந்து கடிதம் வரும். பக்கத்துத் துண்டுக்காரர்கள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள், ஏனென்றால் உங்கள் களை விதை அவர்கள் பாத்தியில்தான் போய் விழும்.

அளவைவிட முக்கியம் தூரம். வீட்டிலிருந்து வேலை செய்பவர் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய்வர வேண்டும் என்றால் நடந்து 10, 15 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். காரில் அரை மணி நேரம் ஓட்டிப் போகும் தோட்டம் ஞாயிற்றுக்கிழமைத் தோட்டமாகத்தான் இருக்கும், அதுவும் மழை பெய்யாத ஞாயிறு.

2. எங்கே கேட்பது

பிரிட்டிஷ் அரசின் கவ்.யுகே (gov.uk) இணையதளத்தில் அலாட்மென்ட் விண்ணப்பத்துக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. போஸ்ட்கோடு போட்டால் உங்கள் கவுன்சிலின் பக்கத்துக்குக் கொண்டுபோய் விடும். பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். நிற்காதீர்கள். நிலம் கவுன்சிலுடையதாக இருந்தாலும், நிறைய இடங்களில் அதை நடத்துவது அங்கே பயிர் செய்பவர்களின் சங்கம். அந்தச் சங்கத்துக்குத் தனியாக ஒரு வெயிட்டிங் லிஸ்ட் இருக்கும், அது கவுன்சில் இணையதளத்தில் தெரியவே தெரியாது. கேட்டில் மாட்டியிருக்கும் அறிவிப்புப் பலகையில்தான் செயலாளரின் மின்னஞ்சல் இருக்கும். ஆகவே ஒரு சனிக்கிழமை காலை கூகுள் மேப்பில் உங்கள் வீட்டைச் சுற்றி இருக்கும் அலாட்மென்ட்களை எல்லாம் குறித்துக்கொண்டு ஒரு நடை போய் வாருங்கள். உள்ளே யாராவது குனிந்து வேலை செய்துகொண்டிருந்தால் வேலிக்கு வெளியிலிருந்து ஒரு வணக்கம் போடுங்கள். தோட்டக்காரர்கள் பேசப் பிரியப்படும் ஜனங்கள். எந்தத் துண்டு காலியாகக் கிடக்கிறது, யார் வீடு மாறப்போகிறார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

கிராமப்புறமோ சிறு நகரமோ என்றால் மாவட்டக் கவுன்சிலிடம் இருக்காது, அந்தக் கிராமத்துக்கோ ஊருக்கோ மட்டுமான பாரிஷ் கவுன்சில் அல்லது டவுன் கவுன்சிலிடம்தான் இருக்கும். சர்ச்சுகளும் தனியாரும் நிலம் விடுகிறார்கள். தனியார் வாடகை கவுன்சிலைவிடப் பல மடங்கு இருக்கலாம், கவுன்சில் நிலத்துக்கு உள்ள சட்டப் பாதுகாப்பும் அங்கே அப்படியே கிடைக்காது.

ஏரியாவில் அலாட்மென்ட் போதவில்லை என்றால்? 1908-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் உள்ளவர்களோ கவுன்சில் டாக்ஸ் (வீட்டுக்கான உள்ளூர் வரி) கட்டுபவர்களோ 6 பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் கவுன்சில் அதைப் பரிசீலித்தே ஆக வேண்டும். உடனே நிலம் வந்துவிடும் என்று அர்த்தமில்லை, எப்போதைக்குள் என்று சட்டத்தில் கெடு எதுவும் கிடையாது. ஆனால் "லிஸ்ட் மூடியாச்சு" என்று ஒரே வரியில் பதில் சொல்லி அனுப்ப முடியாது. இதிலும் ஒரு விதிவிலக்கு: உள் லண்டனின் 12 பரோக்களுக்கு (தனித்தனிக் கவுன்சில் உள்ள லண்டன் பகுதிகள்), அதாவது கேம்டன், இஸ்லிங்டன், லாம்பெத், டவர் ஹாம்லெட்ஸ் மாதிரி இடங்களுக்கு, அந்தக் கடமை கிடையாது. ஈஸ்ட்ஹாம் இருக்கும் நியூஹாம் பரோ இந்த விஷயத்தில் வெளி லண்டன் கணக்கில்தான் வரும்.

3. ஆவணங்கள்

பெரிய பட்டியல் இல்லை. பெரும்பாலும் கேட்பது இவ்வளவுதான்: அந்த பரோவில் குடியிருப்பதற்கு அத்தாட்சியாகக் கவுன்சில் டாக்ஸ் பில், கரண்ட் பில் அல்லது வங்கிக் கணக்கு அறிக்கை. சில இடங்களில் புகைப்படம் உள்ள அடையாள அட்டை. சலுகை வாடகை கேட்டால் அதற்கான சான்று. அறுபது வயது தாண்டியவர்கள், ஓய்வூதியக்காரர்கள், உதவித்தொகை பெறுபவர்கள், மாணவர்கள் என்று சலுகை ஒவ்வொரு கவுன்சிலுக்கும் மாறும். கேட்டால்தான் கொடுப்பார்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு வரும் சிக்கல், பில் எதுவும் தன் பெயரில் இருக்காது. வீட்டு உரிமையாளர் பெயரில் கவுன்சில் டாக்ஸ், அறைத்தோழர் பெயரில் கரண்ட். இந்த நிலையில் கையெழுத்தான வாடகை ஒப்பந்தம், ஜிபியிடமிருந்து (குடும்ப மருத்துவர்) வந்த கடிதம், வங்கிக் கணக்கு அறிக்கை இவற்றில் எதை ஏற்பார்கள் என்று முதலிலேயே மின்னஞ்சலில் கேட்டு வாங்கிவிடுங்கள். கணவன் மனைவி இருவர் பெயரும் ஒரே விண்ணப்பத்தில் போட முடிந்தால் போடுங்கள். ஒருவர் பெயரில் மட்டும் இருந்து அவர் வேலை நிமித்தம் வேறு ஊருக்குப் போனால், மற்றவர் பெயருக்கு மாற்றித் தருவது கவுன்சிலின் தயவு.

அடிக்கடி வரும் இன்னொரு கேள்வி விசா. "பொதுநிதி உதவி பெறக்கூடாது" என்ற நிபந்தனை உள்ள விசாவில் இருப்பவர்கள் அலாட்மென்ட்டும் அதில் சேருமோ என்று பயப்படுகிறார்கள். சேராது. அந்தப் பட்டியலில் இருப்பவை உதவித்தொகைகளும் வீட்டுவசதி உதவியும்தான். இது நீங்கள் வாடகை கொடுத்து எடுக்கும் நிலம்.

4. காத்திருக்கும் காலம், அதில் உள்ள பொறிகள்

சில மாதங்களில் கிடைத்தவர்களும் உண்டு, பல வருஷம் காத்திருப்பவர்களும் உண்டு. லண்டனின் நடுவே போகப்போக லிஸ்ட் நீளும், சில இடங்களில் புதுப் பெயரே சேர்ப்பதில்லை. பல துண்டுகள் சேர்ந்த ஓர் அலாட்மென்ட் இடத்தைத் தளம் என்பார்கள். ஒரே சமயத்தில் எத்தனை தளங்களுக்குப் பெயர் கொடுக்கலாம் என்று பாருங்கள். சில கவுன்சில்கள் இரண்டு மூன்றுக்கு அனுமதிக்கும். எல்லாரும் கேட்கும் அழகான தளத்தோடு, ரயில் பாதைக்குப் பக்கத்தில் யாரும் கண்டுகொள்ளாத ஒன்றையும் சேர்த்துப் போடுங்கள். தக்காளிக்கு ரயில் சத்தம் ஒன்றும் செய்யாது.

விண்ணப்பம் போட்டதும் குறிப்பு எண் உள்ள மின்னஞ்சல் வந்ததா என்று பாருங்கள். எங்கள் கவுன்சிலில் ஆன்லைன் படிவம் "நன்றி" என்று சொல்லிவிட்டு ஒன்றும் அனுப்பவில்லை. மாதங்கள் கழித்துத் தொலைபேசியில் கேட்டால் அப்படி ஒரு பெயரே எங்களிடம் இல்லை என்றார்கள். திரையைப் படம் பிடித்து வைத்திருந்ததால் பழைய தேதியிலேயே சேர்த்தார்கள், இல்லாவிட்டால் வரிசையின் கடைசி. ஆகவே அந்த "நன்றி" பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பொறி, வருஷத்துக்கு ஒருமுறை "இன்னும் விருப்பம் உண்டா?" என்று கேட்டு வரும் மின்னஞ்சல். பதில் போடாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். அது ஸ்பாமில் போய் விழும். அலுவலக மின்னஞ்சலை விண்ணப்பத்தில் கொடுக்காதீர்கள், வேலை மாறினால் அந்த முகவரியோடு உங்கள் இடமும் போய்விடும். வீடு மாறினாலும் உடனே சொல்லுங்கள். பரோ எல்லையைத் தாண்டி மாறினால் பெரும்பாலும் வரிசையே ரத்து.

அப்புறம், தெரிந்தவர் ஒருவர் "என் துண்டுல பாதியை நீங்க வச்சுக்கங்க, மாசம் இவ்வளவு கொடுங்க" என்று சொல்வார். உள்வாடகை விடுவது ஒப்பந்தப்படி தடை. கண்டுபிடித்தால் அவருக்கும் இடம் போகும், நீங்கள் போட்ட வெங்காயமும் போகும். ஆனால் முறையாகக் 'கூட்டாளி' என்று பதிவு செய்து உதவிக்குப் போவதைச் சில தளங்கள் அனுமதிக்கின்றன. காத்திருக்கும் காலத்தில் வேலை கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

5. இடம் காலி என்று சொல்லும்போது

வாடகை வருஷம் சில இடங்களில் ஏப்ரலில் தொடங்கும், சில இடங்களில் செப்டம்பர் கடைசியில் அல்லது அக்டோபரில். பில் வந்ததும் சிலர் விட்டுவிடுவார்கள், அதையொட்டித்தான் துண்டுகள் காலியாகும். பதில் சொல்ல ஒன்றிரண்டு வாரம்தான் தருவார்கள். எத்தனை முறை வேண்டாம் என்று சொன்னால் வரிசையில் பின்னுக்குத் தள்ளுவார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் அக்டோபர் இடம்தான் நல்ல இடம். குளிர்காலம் முழுக்கக் களை வளராது, நிதானமாகச் சுத்தம் செய்யலாம்.

பார்க்கப் போகும்போது மேலே உள்ள புல்லையும் புதரையும் பார்த்து மிரளாதீர்கள். பிராம்பிள் முள்புதர் பார்க்கத்தான் பயங்கரம், ஒரு வார இறுதியில் வெட்டித் தள்ளிவிடலாம். பார்க்க வேண்டியது மண்ணுக்கு அடியில். ஒரு ஃபோர்க்கைக் கடன் வாங்கி இரண்டு மூன்று இடத்தில் குத்திப் புரட்டிப் பாருங்கள். வெள்ளை வெளேரென்று நூடுல்ஸ் மாதிரி வேர் வந்தால் அது பைண்ட்வீடு. விரலில் எடுத்தாலே பட்டென்று உடையும், உடைந்த ஒவ்வொரு துண்டும் புதுச் செடியாகும். கறுப்பு வேரோடு, மேலே சின்னக் கிறிஸ்துமஸ் மரம் போல் நிற்கும் ஹார்ஸ்டெயில் அதைவிட மோசம், வேர் மீட்டர் கணக்கில் கீழே போகும். இவை இருந்தால் இடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. மண்ணைக் கிளறும் மெஷினை வாடகைக்கு எடுத்து ஒரே நாளில் உழுதுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், அது வேரை ஆயிரம் துண்டாக்கி நிலம் முழுக்க விதைத்துவிட்டுப் போகும். அட்டைப்பெட்டியைப் பரப்பி, மேலே கனமான கறுப்பு விரிப்பைப் போட்டு மூடி, வருஷத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பயிர் செய்வதுதான் வழி. பழைய கார்ப்பெட் போட்டு மூடும் பழக்கம் ஒன்று உண்டு, பல தளங்களில் அதற்குத் தடை.

குழாய் எவ்வளவு தூரம், பெரிய மரத்தின் நிழல் விழுகிறதா, கேட்டிலிருந்து எருவைத் தள்ளுவண்டியில் கொண்டுவரப் பாதை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பழைய ஆள் விட்டுப்போன டயர், கண்ணாடி, கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட் எதுவாவது கிடந்தால் கையெழுத்துப் போடும் முன்பே படம் எடுத்து அனுப்பி, யார் அகற்றுவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். கல்நாரைக் கையால் தொடவே தொடாதீர்கள்.

6. ஒப்பந்தத்தில் கட்டாயம் படிக்க வேண்டியவை

சொந்தக் குடும்பத்தின் சாப்பாட்டுக்கான காய்கனி, அதுதான் நோக்கம். உபரியை நண்பர்களுக்குக் கொடுக்கலாம், வியாபாரமாகச் செய்யக்கூடாது. குறிப்பிட்ட மாதங்களுக்குள் குறிப்பிட்ட சதவீத நிலம் பயிரில் இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கும், அதுதான் பலரைக் கவிழ்ப்பது. வாடகை 40 நாள் பாக்கியானாலோ விதியை மீறினாலோ ஒரு மாத நோட்டீஸில் வெளியேற்றச் சட்டம் இடம் தருகிறது. மற்றபடி காரணமில்லாமல் உங்களை எழுப்ப வேண்டுமென்றால் குறைந்தது 12 மாத நோட்டீஸ் தர வேண்டும்.

ஷெட், பாலிடனல் (பிளாஸ்டிக் விரிப்பால் மூடிய வளைவுக் கூடாரம்), குளம், பழமரம் எல்லாவற்றுக்கும் முன் அனுமதி கேளுங்கள். கோழி, முயல் வளர்க்க 1950-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கிறது, சேவல் மட்டும் கூடாது. குப்பை எரிப்பதற்கு ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு விதி. குழாயில் ஹோஸ் மாட்டித் தண்ணீர் பாய்ச்சப் பல இடங்களில் தடை, பூவாளிதான். குளிர்காலத்தில் குழாயை அடைத்துவிடுவார்கள், வசந்தத்தில்தான் மறுபடி திறப்பார்கள்.

7. செலவு

வாடகை ஊருக்கு ஊர் மாறும். பாதித் துண்டுக்குப் பல இடங்களில் ஆண்டுக்கு 100 பவுண்டுக்குள் முடிந்துவிடும், லண்டனில் அதற்கு மேலும் போகும். தண்ணீர்க் கட்டணம் அதில் அடங்கியதா, தனியா என்று பாருங்கள். கேட் சாவிக்கு முன்பணம், சங்க உறுப்பினர் கட்டணம், சில இடங்களில் சுத்தம் செய்வதற்கென்று ஒரு டெபாசிட், இவையெல்லாம் முதல் வருஷம் சேர்ந்து வரும்.

கருவிகளுக்குக் கடைக்கு ஓடாதீர்கள். ஒரு நல்ல ஃபோர்க், ஒரு ஸ்பேடு, ஒரு களைக்கொத்து, இரண்டு பூவாளி போதும். கார் பூட் சேலில் (மக்கள் காரில் கொண்டுவந்து பழைய சாமான் விற்கும் சந்தை) பழைய இரும்பு ஃபோர்க் சில பவுண்டுக்குக் கிடைக்கும், புதிய மலிவுச் சாமானைவிட அது உறுதி. மரம் வெட்டுபவர்களைக் கேட்டால் மரச்சிராயை இலவசமாகவே கேட்டில் கொட்டிவிட்டுப் போவார்கள், பாதைக்குப் போடலாம். முதல் வருஷம் ஷெட் வேண்டவே வேண்டாம். ஷெட் வாங்கியவர்கள் அதைக் கட்டுவதிலேயே ஒரு வசந்தத்தைத் தொலைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

இலவசக் குதிரைச் சாணி ஒரு தனி எச்சரிக்கை. குதிரை தின்ற வைக்கோலில் அமினோபைரலிட் என்ற களைக்கொல்லி இருந்தால் அது குதிரையின் வயிற்றையும் தாண்டி எருவில் அப்படியே வரும். தக்காளி, பீன்ஸ், உருளை எல்லாம் இலை சுருண்டு பெரணி மாதிரி ஆகிவிடும். லாரியிலிருந்து இறக்கும் முன் ஒரு வாளி வாங்கி, தொட்டியில் கலந்து நாலு பீன்ஸ் விதை போட்டுப் பாருங்கள். சில வாரத்தில் இலை நேராக வந்தால் இறக்கலாம்.

கையுறையும், டெட்டனஸ் ஊசி முழுசாகப் போட்டாயிற்றா என்று ஜிபியிடம் கேட்டு வைத்துக்கொள்வதும் பெரிய செலவில்லாத காரியங்கள்.

8. வேலையிலிருந்து நேரம் எடுப்பது

6 மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் சட்டப்படி 20 நிமிட இடைவேளைதான் உத்தரவாதம். அதில் தோட்டம் போட முடியாது. உங்கள் ஒப்பந்தத்தில் மதிய உணவுக்கு ஒரு மணி நேரம் இருக்கிறதா, வேலை நேரத்தை நகர்த்திக்கொள்ள இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வேலை நேரத்தை மாற்றக் கேட்கும் உரிமை 2024 ஏப்ரல் 6 முதல் வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உண்டு. ஆண்டுக்கு இரண்டு முறை கேட்கலாம், இரண்டு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். ஆனால் தோட்டத்துக்காக இந்த வழியில் போகாதீர்கள் என்பேன். முறைப்படி கேட்டு ஒத்துக்கொண்டால் அது பொதுவாக உங்கள் ஒப்பந்தத்தையே நிரந்தரமாக மாற்றிவிடும், டிசம்பரில் இருட்டில் உட்கார்ந்து ஏன் இப்படிச் செய்தோம் என்று தோன்றும். மேனேஜரிடம் வாய்மொழியாக, "ஏப்ரல், மே இரண்டு மாசம் செவ்வாயும் வியாழனும் எட்டு மணிக்கே தொடங்கி மத்தியானம் இரண்டு மணி நேரம் எடுத்துக்கிறேன்" என்று கேட்டு, அதை ஒரு மின்னஞ்சலில் உறுதி செய்துகொண்டு, காலண்டரில் அந்த நேரத்தை அடைத்துவிடுங்கள். மீட்டிங் வைப்பவர்கள் காலண்டரை மட்டும்தான் பார்ப்பார்கள்.

ஆண்டு விடுமுறையை முழு நாளாக எடுப்பதைவிட அரை நாளாக எடுங்கள். உங்கள் ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாத வரை, கேட்கும் லீவைப் போல் இரண்டு மடங்கும் கூட ஒரு நாளும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்பது பொது விதி. ஒரு நாள் லீவுக்கு 3 நாள். இங்கத்திய வானிலை அறிவிப்பையும் ஏறத்தாழ அவ்வளவு நாளுக்குத்தான் நம்பலாம், ஆகவே திங்கள் காலை பார்த்து வெள்ளிக்குக் கேட்பது நடைமுறையில் சரியாக வரும். ஈஸ்டர் வெள்ளி, ஈஸ்டர் திங்கள், மே முதல் திங்கள், மே கடைசித் திங்கள் என்று நாலு பேங்க் ஹாலிடேயும் (பொது விடுமுறை) சரியாக நடவுப் பருவத்திலேயே வருகின்றன. விருந்துக்குக் கூப்பிடுபவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

9. அந்த வசந்த நாளில்

போனதும் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பாருங்கள். உருண்டை உதிர்ந்தால் வேலை செய்யலாம். களிமண் உருண்டையாகப் பிடித்துக்கொண்டு ஷூவிலும் ஒட்டினால் பாத்தியில் கால் வைக்காதீர்கள், மிதித்த மண் கோடையில் செங்கல்லாகிவிடும். லண்டன் பக்கம் பெரும்பாலும் களிமண்தான். அன்றைக்குப் பாதைக்குச் சிராய் போடுவது, பந்தலுக்குக் கம்பு நடுவது, விதைப் பெட்டியை ஒழுங்கு பண்ணுவது என்று வேறு வேலை பாருங்கள்.

மார்ச் கடைசியிலிருந்து முளைகட்டிய உருளை, சின்ன வெங்காயக் குமிழ், பீட்ரூட், முள்ளங்கி, பட்டாணி போடலாம். நம் வீட்டு வெந்தயமும் கொத்தமல்லியும் ஏப்ரல் பாதியில் விதைக்கலாம். மளிகைக்கடை பாக்கெட்டே போதும், மல்லியை உள்ளங்கையில் தேய்த்து இரண்டாக உடைத்துப் போடுங்கள். வெயில் ஏறினால் மல்லி சட்டென்று பூத்துவிடும், அதனால் ஒரே தடவையில் போடாமல் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு வரிசை.

தக்காளி, மிளகாய், கத்தரி, பூசணி, சுரை, பாகல் இவை வேறு ஜாதி. ஒரு இரவு உறைபனி பட்டால் காலையில் வெந்த கீரைதான். ஏப்ரல் வெயிலைப் பார்த்து கார்டன் சென்டர்கள் நாற்றை வெளியே அடுக்கி வைப்பார்கள், மயங்காதீர்கள். எங்கள் தளத்தில் பக்கத்துத் துண்டு யாழ்ப்பாணத்து ஐயா ஒருவருடையது, பாலிடனலுக்குள் பாகல் பந்தல் போட்டு வைத்திருப்பவர். ஏப்ரலில் யாராவது தக்காளி நாற்றோடு வந்தால் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "தம்பி, அவசரப்படாதேங்கோ. மே பாதி போகட்டும், பிறகு நடுங்கோ" என்பார். தெற்கே மே நடு, வடக்கே ஜூன் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிளகாயைப் பிப்ரவரியிலும், தக்காளியை மார்ச்சிலும், பூசணியை ஏப்ரல் கடைசியிலும் ஜன்னலோரத்தில் விதைத்து நாற்றாக்கலாம். வெளியே நடும் முன் ஒரு வாரம் பகலில் வெளியே, இரவில் உள்ளே என்று பழக்க வேண்டும். தண்டுக்கீரை மே கடைசியில் போட்டால் நன்றாகவே வரும். பாகலும் கத்தரியும் பாலிடனல் மாதிரிக் கூரைக்குக் கீழேதான் ஒழுங்காகக் காய்க்கும். முருங்கையை மறந்துவிடுங்கள்.

விதையை ஊரிலிருந்து பெட்டியில் போட்டுக் கொண்டுவரலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். தக்காளி, மிளகாய் போன்றவற்றின் விதைக்குத் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுவரக்கூடாது, பார்சலில் அனுப்பினாலும் அதே விதி. இங்கேயே நம் காய்கறி விதைகள் விற்கிறார்கள், தளத்துக்காரர்களிடமும் கிடைக்கும்.

நத்தை தொல்லை நிச்சயம் உண்டு. மெட்டால்டிஹைடு உருண்டைகள் 2022 வசந்தத்திலிருந்து தடை. பழைய ஷெட்டில் நீல டப்பா எதுவும் கிடந்தால் பயன்படுத்தாதீர்கள், கவுன்சிலின் குப்பை மையத்தில் கொடுங்கள். ஃபெர்ரிக் பாஸ்பேட் உருண்டை வாங்கலாம். அதைவிட, இருட்டிய பிறகு டார்ச்சோடு போய்ப் பொறுக்குவது பலன் தரும்.

10. ஆகஸ்ட்டில் ஊருக்குப் போகிறவர்களுக்கு

இதை யாரும் சொல்ல மாட்டார்கள். பள்ளி விடுமுறையில் நாம் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பும் அந்த ஐந்தாறு வாரம்தான் இங்கே தண்ணீர் அதிகம் தேவைப்படும் நேரம், தளத்தைச் சுற்றிப்பார்த்து ஆய்வு செய்பவர்கள் வருவதும் பெரும்பாலும் கோடையில்தான். டிக்கெட் போட்டவுடன் தளப் பிரதிநிதிக்குத் தேதிகளைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், பயிர் நன்றாக இருக்கும் நாளில் நாலு படம் எடுத்து அதோடு இணையுங்கள். பக்கத்துத் துண்டுக்காரரிடம் தண்ணீர் ஊற்றச் சொல்லி, காய்ப்பதை அவரே பறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பீன்ஸையும் பூசணி வகைகளையும் பறிக்காமல் விட்டால் செடி காய்ப்பதை நிறுத்திவிடும் என்பதால் உங்களுக்கும் அது லாபம். தக்காளிக்கும் உருளைக்கும் ஈரமான ஆகஸ்ட்டில் பிளைட் (blight) என்ற அழுகல் நோய் வரும், தண்டு கறுத்தால் வெட்டி எடுத்துவிட அவருக்கு அனுமதி கொடுத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் தபாலைப் பிரித்துப் பாருங்கள். எச்சரிக்கைக் கடிதம் இருந்தால் அதில் போட்டிருக்கும் தேதிக்குள் பதில் போட்டு, எந்த வாரத்துக்குள் எவ்வளவு சுத்தம் செய்வீர்கள் என்று எழுதி அனுப்புங்கள், கெடு தாண்டினால்தான் பிரச்சினை.